நீ யாருக்காகத் திரும்பி வருகிறாய்?

சீலா,

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் உட்கார்ந்து ஊரார் வழக்கையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவள் நான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, புருஷன் பெண்டாட்டி ஜீவனாம்சம், வரப்புத் தகராறு எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. கத்திக்கொண்டே வருகிற ஆள்கூடத் தன் கதை தாளில் ஏறியதும் அடங்கிப்போய் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்திருக்கிறேன். நீயும் அப்படி உட்கார்ந்து படி. ஆபீஸில் படிக்காதே. வீட்டில், ரூபி இருக்கும்போது படி. அவளும் படிக்கட்டும். உன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்துதான் பார்த்தாய். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி. பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் நெட் இல்லை, அப்பா போன பிறகு நீ ஹாலில் மாட்டிவிட்டுப் போன கேமராவும் இல்லை. நான் ராஜபாளையத்துக்குக் கண் காட்டப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொல்லிவிட்டார்கள். போனில் சார்ஜ் இல்லை. பார்த்து முடித்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து இறங்கினால் நம் தெருவில் கூட்டம். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகூட எடுத்துப் போட்டிருந்தார்கள். பாஸ்டர் ஐயா பைபிளோடு நிற்கிறார். கேமராவிலும் போனிலும் நான் கிடைக்கவில்லை என்று நீ பதறிக் கூப்பிட்டதால், பக்கத்து வீட்டு அந்தோணி காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து, பின்கதவின் தாழ்ப்பாளை உடைத்து, வீடு முழுக்கத் தேடிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருக்கிறான். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. "யாருக்குய்யா என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் சித்தி" என்றான் அந்தோணி.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தோணி போனை என் கையில் கொடுத்ததும் சிரிப்பு போய்விட்டது. கனடாவிலிருந்து நீ அழுதுகொண்டிருந்தாய். அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட நீ அப்படி அழவில்லை. "இனிமே என்னால முடியாதும்மா. வேலையை விட்டுட்டு வந்துர்றேன். இந்த மாசமே எழுதிக் குடுத்துர்றேன். உனக்காக வாரேம்மா" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "முதல்ல தண்ணி குடி" என்றேன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ வருகிறேன் என்று சொன்னதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். வேறு எதுவுமே இல்லை, வெறும் சந்தோஷம். மறுநாள் விடிந்ததும் உன் அறையின் மெத்தையைத் தனியாளாக இழுத்துக்கொண்டுபோய் மொட்டை மாடியில் காயப் போட்டேன். மெத்தை கனத்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, எனக்கு உறைக்கவே இல்லை. எதிர்வீட்டு மேரி கீழேயிருந்து பார்த்துவிட்டு, "அக்கா, தம்பி வருதானா?" என்று கேட்டாள். "வருதான், வருதான்" என்று இரண்டு தடவை சொன்னேன். என் பேத்தி ஷைனிக்கு எந்தப் பள்ளிக்கூடம், உனக்குக் காலையில் என்ன பலகாரம், ரூபியின் பீரோவை எங்கே போடுவது என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. மகன் வேண்டாம் என்று நினைக்கிற தாய் நான் இல்லை. இனி நான் எழுதப்போகிற எதையும் அப்படி எடுத்துக்கொண்டுவிடாதே.

மெத்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரூபி கூப்பிட்டாள். "அத்தை, நல்லாருக்கீங்களா, கண்ணு எப்படி இருக்கு" என்று ஆரம்பித்தாள். பிறகு, "அத்தை, எனக்கு நர்ஸ் லைசென்ஸ் வந்துருச்சு" என்றாள். அவள் இங்கே நர்ஸாக இருந்தவள். அந்த நாட்டுக்குப் போனதும் அந்தப் படிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷமாக முதியோர் இல்லத்தில் உதவியாளாக, யார் யாரையோ குளிப்பாட்டி, உடை மாற்றி, அதற்கு நடுவில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஷைனியைத் தூங்கவைத்துவிட்டுச் சமையல் மேடையில் புத்தகத்தை விரித்து வைத்து நின்றபடியே படிப்பதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதை உன்னிடம் சொல்லலாம் என்று அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் நீ, "நாம ஊருக்குப் போறோம்" என்று சொல்லியிருக்கிறாய். "போவோமான்னு கேக்கலை அத்தை. போறோம்னு சொல்லிட்டாரு. நான் வரலைன்னு சொன்னேன். அப்ப நான் மட்டும் போறேன்னு சொல்லிட்டாரு. அதோட பேச்சு இல்லை" என்றாள்.

நான் மெத்தை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு அப்போது சொன்னதை உனக்கும் சொல்கிறேன். "நீ உன் வேலையில சேரு. தேதி குடுத்திருக்காங்கல்ல, அந்தத் தேதியில போய்ச் சேரு. அவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றேன். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

உங்கப்பா திரும்பி வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது ஆறாம் வகுப்பு. அதுவரைக்கும் அவர் உனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிற விருந்தாளி. ராணுவத்தில் லாரி டிரைவர். பனிமலையில், ஒருபக்கம் அதலபாதாளம் இருக்கிற ரோட்டில், சரக்கு வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போகிற வேலை. வந்தால் பாதாம், முந்திரி, கம்பளி, சிரிப்பு. போனால் மறுபடி நாம் இருவரும்தான். உன்னை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் கோர்ட்டுக்குப் போவேன். அந்த வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது தெருவில் பேசாத ஆள் இல்லை. பிறகு அதே ஆட்கள் அவசரத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். வீடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் இல்லாமல் ஓடப் பழகிக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். "பென்ஷன் வாங்கிட்டேன். இனி இங்கதான்" என்றார். நமக்கெல்லாம் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. காலையில் விசில் அடித்து உன்னை எழுப்பினார், ஞாபகம் இருக்கிறதா? செருப்புகளை வரிசையாக நிறுத்தச் சொன்னார். சாதத்துக்கு உலை வைக்கிற நேரத்தை மாற்றச் சொன்னார். "நான்தான் வந்துட்டேன்ல, நீ எதுக்குக் கோர்ட்டுக்குப் போற?" என்றார். நான் போனேன். வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் நடந்து போனேன்.

ஒருநாள் காலை நீ இட்லி சாப்பிட்டுக்கொண்டே என்னிடம், "ஏம்மா, அவரு எப்ப ஊருக்குப் போவாரு?" என்று கேட்டாய். ஊர் என்று நீ சொன்னது அவர் வேலை பார்த்த பனிமலையை. அவர் கொல்லைப்பக்கம் கண்ணாடியை ஆணியில் மாட்டி ஷேவ் செய்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. பாதி முகத்தில் நுரையோடு நம்மைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விட்டார். அன்று மாலை திரும்பி வந்தபோதுதான் அந்த வார்த்தையை முதன்முதலாகச் சொன்னார். "உங்களுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு அந்த வார்த்தை நம் வீட்டில் குடியேறிவிட்டது. குழம்பில் உப்பு கூடினாலும் அதுதான். உனக்குக் கணக்கில் மார்க் குறைந்தாலும் அதுதான். நான் கோர்ட்டிலிருந்து வரத் தாமதமானாலும் அதுதான். அந்த வார்த்தைக்குப் பதில் கிடையாது, கவனித்தாயா? ஒருவர் நமக்காகத் தன் வாழ்க்கையை விட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால் நாம் என்ன செய்ய முடியும்? நன்றி சொல்லலாம். தினமும் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் அந்த ஆளைப் பார்த்தாலே மூச்சு முட்டும். எனக்கு முட்டியது. உனக்கும் முட்டியிருக்கும். நீ அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் அந்தோணி வீட்டில்தான் கிடந்தாய்.

ஒரு மழைநாளில் அது வெடித்தது. மனு தாக்கல் செய்யக் கடைசி நாள், வக்கீல் காத்திருக்கிறார், நடந்து போனால் தாள் நனைந்துவிடும். ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ஏட்டி, யாருக்காகடி நான் வந்தேன்? உங்களுக்காகத்தானே?" மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறது. "நாங்க கூப்பிட்டோமா?" என்று கேட்டேன். "எங்களுக்காக வந்திருந்தா திரும்பிப் போயிருங்க. நாங்க நல்லாத்தான் இருந்தோம். உங்களுக்காக வந்திருந்தா உள்ள போய்த் தலையைத் துவட்டுங்க. சாயங்காலம் வாரேன், சேந்து சாப்பிடுவோம்" என்றேன். கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் சாயங்காலம் வந்தபோது வீட்டில் அவர் இல்லை. துணிப்பையும் இல்லை.

ராஜபாளையத்தில் அவரோடு ராணுவத்தில் இருந்த வெங்கட்ராஜா வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அந்த வீட்டம்மா "தினு, தினு" என்று சாப்பிடச் சொல்லித் தட்டை நிரப்பியிருக்கிறார், என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வெங்கட்ராஜாவுக்கு மினி பஸ் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "கொஞ்ச நாள் ஓட்டிக் குடுடா" என்று கேட்டிருக்கிறார். பனிமலையில் ஓட்டியவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுந்தரபாண்டியம் பக்கம் போகிற மினி பஸ். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினாராம். மூன்றாவது நாள், தலையில் கீரைக் கட்டோடு ஓடிவந்த ஒரு பொம்பளை, "ஏ டிரைவரு, எனக்கு நிக்காம யாருக்குய்யா நிக்கப் போற?" என்று சத்தம் போட்டிருக்கிறாள். பஸ்ஸே சிரித்திருக்கிறது. அவரும் சிரித்திருக்கிறார். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் ஊர் தன்னோடு பேசியது போல இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் சர்ச்சிலிருந்து வந்தபோது அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உன்னை அந்தோணி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதனால் இது உனக்குத் தெரியாது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குப் பின்னால சேந்தவனுக்குப் பிரமோஷன் குடுத்துட்டாங்க. அவனுக்கு நான் சல்யூட் அடிக்கணும். ஒரு மாசம் அடிச்சுப் பாத்தேன். முடியல. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்க பேரைச் சொல்லிட்டேன்." நான், "அம்புட்டுத்தானா?" என்று கேட்டேன். "அம்புட்டுத்தான்" என்றார். "இதை வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்றார். "காப்பி போட்டுக் குடுத்திருப்பேன்" என்றேன். அந்த மனுஷன் அன்று அழுதார். நான் காப்பி போட்டேன். அதற்குப் பிறகு அந்த வார்த்தை நம் வீட்டில் ஒருதடவைகூட வரவில்லை. உடம்பு ஒத்துழைத்த வரைக்கும் அந்த மினி பஸ்ஸை ஓட்டினார். நீ எப்போதிலிருந்து அவரை "அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தாய் என்று உனக்கு நினைவிருக்காது. எனக்கு நினைவிருக்கிறது. அந்த பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நானும் அப்பாவும் கனடாவில் உங்கள் கால்கரி வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்தது இது. நீ வேலை முடிந்து காரைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்துவாய். நிறுத்திவிட்டு இறங்க மாட்டாய். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாய். பனி கண்ணாடியில் படிந்து உன் முகம் மறையும் வரைக்கும் உட்கார்ந்திருப்பாய். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் போக எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். "விடுளா. நானும் லாரிக்குள்ள இப்படி உக்காந்திருக்கேன்" என்றார். நான் கேட்கவில்லை. வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினேன். நீ பதறிப்போய், "என்னம்மா இது, கால் விறைச்சுப் போகும்" என்று திட்டினாய். "உள்ள என்னய்யா செய்ற?" என்று கேட்டேன். "சும்மா பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாய். காரில் பாட்டு எதுவும் ஓடவில்லை, சீலா.

அப்பா அடக்கம் முடிந்த அன்று நீ மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் ஒன்று சொன்னாய். "அங்க நான் யாருமே இல்லம்மா. மீட்டிங்ல நான் சொன்னா யார் காதுலயும் விழாது. அதையே இன்னொருத்தன் சொன்னா, நல்ல யோசனைன்னு எழுதிக்கிடுதாங்க." நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கே புரிந்துவிட்டது. கேமராவில் என்னைப் பார்க்க முடியாமல் போனது ஒரு நாள் கதை. நீ திரும்பி வர நினைப்பதோ அதற்கு ரொம்ப நாளைக்கு முந்தியது. அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, என் பெயர் கையில் கிடைத்தது. அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெயரை நான் தர மாட்டேன். உங்கப்பாவிடம் ஒருதடவை நான் பட்டது போதும். ரூபியும் ஷைனியும் அதைப் பட வேண்டாம். "உங்கம்மாவுக்காகத்தான் என் வேலையை விட்டேன்" என்று ரூபி ஒருநாள் உன்னிடம் சொல்வாள். "உங்களுக்காகத்தானே வந்தேன்" என்று நீ ஒருநாள் என்னிடம் சொல்வாய். சொல்ல மாட்டேன் என்று இப்போது சொல்வாய். சொல்வாய்.

வெளிநாடா, ஊரா என்பதை நானும் யோசிக்காமல் இல்லை. உங்கள் ஊர் தமிழ் ஐக்கியத்தில் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கட்டும், வீட்டுக் கடன் முடியட்டும், அப்புறம் போய்விடுவோம். தலை நரைத்தவர்களும் அதையே சொன்னார்கள். அவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் நிற்க முடியும்? அந்த ஊர் உனக்குக் கொடுத்ததும் இருக்கிறது. ரூபியை நான் அங்கேதான் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். இங்கே நம் வீட்டில் அவள் இருந்த காலத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள். அங்கே பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு தனியாக டியூட்டிக்குப் போய் வருகிறாள். அந்த ஊர் எடுத்துக்கொண்டதும் இருக்கிறது. ஷைனி என்னோடு பேச வார்த்தை தேடுகிறாள். நீ காரில் உட்கார்ந்திருக்கிறாய்.

சரி, வருகிறாய் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வருவாய்? ஸ்ரீவில்லிபுத்தூரிலா உன் வேலை இருக்கிறது? ராஜபாளையத்தில் மில் இருக்கிறது, பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், உன் படிப்புக்கு அங்கே என்ன இருக்கிறது? நீ பெங்களூருக்குத்தான் போவாய். அங்கே அடுக்குமாடியில் ஒரு வீடு, காலையில் இரண்டு மணி நேரம் ரோட்டில். என்னைப் பார்க்க ராத்திரி பஸ் ஏறித்தான் வர வேண்டும், அதுவும் லீவு கிடைத்தால். எனக்கு நெஞ்சு வலித்தால் அப்போதும் சுவர் ஏறிக் குதிக்கப்போவது அந்தோணிதான். உன்னோடு படித்தவர்களில் ஒருவனும் இந்த ஊரில் இல்லை. ஒருவன் துபாய், ஒருவன் சென்னை, ஒருவன் பட்டாளத்தில். நீ விட்டுப் போன ஊருக்கு வர முடியாது. இப்போது இருக்கிற ஊருக்கு வேண்டுமானால் வரலாம். அதற்கு வர விருப்பமா என்று யோசி. அவசரமில்லை.

யோசித்துவிட்டு, எனக்கு அங்கே பிடிக்கவில்லை, நான் எனக்காக வருகிறேன் என்று நீ சொன்னால், ரூபியும் சரி என்று சொன்னால், நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பேன். யார் என்ன பேசினாலும் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். தோற்று வந்தவன் என்று எவனாவது சொன்னால் அவனை நம் வாசலில் ஏற்ற மாட்டேன். அல்லது, அங்கேயே இருக்கிறேன், வேறு வேலை தேடுகிறேன் என்று சொன்னாலும் சரிதான். மீட்டிங்கில் உன் பேச்சைக் கேட்காத இடத்தை விட்டு இன்னொரு இடம் போ. ஒரு நாட்டையே விடுவதற்கு முன்னால் ஒரு ஆபீஸை விட்டுப் பார்க்கலாம் இல்லையா? எதுவானாலும் ரூபியிடம் கேட்காமல் ராஜினாமா எழுதிக் கொடுக்காதே. எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றால் போய்த் திரும்ப வாங்கு. வெட்கப்படாதே.

என்னை அங்கே கூப்பிடுவதையும் இத்தோடு விட்டுவிடு. வந்து பார்த்தேன், நல்ல ஊர், வெயில் காலத்தில் வந்து போகிறேன். அங்கேயே இருக்க மாட்டேன். எனக்கு இங்கே வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்துக்கு நான்தான் செயலாளர். சாவு வீடோ கல்யாண வீடோ, என்னைத் தேடுகிற வீடுகள் இருக்கின்றன. நான் தனியாக இருக்கிறேன் என்று நீ நினைக்கிறாய். நீ என்மேல் படுகிறாயே பரிதாபம், அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டம். ஹாலில் இருந்த கேமராவை அந்தோணியைக் கொண்டு கழற்றியாயிற்று. என் வீட்டில் நான் எப்போது சாப்பிடுகிறேன், எப்போது தலை முடிகிறேன் என்று எவரும் பார்க்க வேண்டியதில்லை, பெற்ற பிள்ளையாக இருந்தாலும். தினம் சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன். ஒருநாள் கூப்பிடாவிட்டால் மேரியிடம் கேள், அவளிடம் ஒரு சாவி இருக்கிறது. கதவை உடைக்க வேண்டாம்.

இன்னொன்று. முன்பக்கத்து அறைகள் இரண்டையும் வாடகைக்கு விட்டுவிட்டேன். உன் அறையும் அதில் ஒன்று. கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபப்படாதே, இது என் வீடு. தென்காசியிலிருந்து மாறுதலாகி வந்த பெண், கோர்ட்டில் வேலை, பெயர் செல்வராணி. வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார், சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். சின்னதாக ஒரு பெண் குழந்தை, வந்த அன்றே என் மாவு டப்பாவைக் கவிழ்த்துவிட்டது. நேற்று அவர்கள் சாமான் இறக்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உன் மேஜையை ஒதுக்கும்போது உட்கார்ந்துவிட்டேன். செத்த நேரம் கழித்துச் செல்வராணி வந்து, "அக்கா, எல்லாத்தையும் இறக்கியாச்சு, இன்னும் அடுப்பு மூட்டல. இன்னைக்கு உங்க அடுப்புல சேத்துச் சமைச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டாள். எழுந்து அரிசியைக் கூடுதலாக அளந்து போட்டேன். நீ திரும்பி வந்தால் உனக்கும் ரூபிக்கும் தனி வீடு பார்ப்போம். அது உங்கள் வீடாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ராத்திரி ஆகும்முன் கூப்பிடு. ரூபியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கூப்பிடு. உன்னிடம் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவள் புது வேலையில் எப்போது சேருகிறாள், என்ன சட்டை போட்டுக்கொண்டு போகப்போகிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டும். போனை முதலில் அவள் கையில் கொடு.

அம்மா